இடது கைதான், 'வலது மூளை' இல்லை

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, இடது கைப் பழக்கம். வாலிபால் பழகத் தொடங்கி மூன்று மாதமாகியும் அவள் போடும் சர்வீஸ் வலையைத் தாண்டவில்லை. "இவள் வலது மூளைக்காரி, படிப்படியாகச் சொல்லித் தந்தால் ஏறாது" என்கிறார் பயிற்சியாளர். அவளும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறாள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. 12 வயதில் ஒரு குழந்தை 'என் மூளையே இப்படித்தான்' என்று நம்ப ஆரம்பிப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மூளையின் இரண்டு பாதிகளுக்கும் சில தனி வேலைகள் உண்டு. அதைக் காட்டிய ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஆட்களையே வலது மூளைக்காரர், இடது மூளைக்காரர் என்று பிரிப்பதற்கு ஆதாரம் கிடையாது. யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை அலசிப் பார்த்து 2013-இல் சொன்னதும் இதைத்தான்.

உங்கள் மகளின் சர்வீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தூக்கிப் போடுவது வலது கை. அதை இயக்குவது மூளையின் இடது பாதி. அடிக்கிற இடது கைக்கு உத்தரவு வலது பாதியிலிருந்து வருகிறது. பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் கை அங்கே இருக்க வேண்டுமென்றால், இரண்டு பாதிகளும் விடாமல் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும். நேரம் தப்பாமல் பார்த்துக்கொள்ளச் சிறுமூளையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சர்வீஸ் போட முடியாது.

அப்படியானால் சிக்கல் எங்கே? என் சந்தேகம், அவள் நிற்கிற இடத்தில். வலது கைப் பயிற்சியாளருக்குப் பின்னால் நின்று பார்த்தால், அவள் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் இடது காலை முன்வைப்பார், இவளுக்கு வலது கால் முன்னே வர வேண்டும். எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் அவளுக்கு நேராகிவிடும். பயிற்சியாளரிடம் இதைத் தன்மையாகக் கேளுங்கள், மறுக்க மாட்டார்.

அப்புறம், "முழங்கையைத் தூக்கு, மணிக்கட்டை மடக்காதே" என்று உடம்பையே கவனிக்க வைப்பதைவிட, "வலைக்கு மேலே அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பு" என்பது பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990-களிலிருந்து இதைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அடிக்காமல் பந்தை மட்டும் தூக்கிப் போட்டு, கீழே விழ விடட்டும். இடது தோளுக்கு நேராக, ஓரடி முன்னால் விழ வேண்டும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். பத்துக்கு எட்டு தடவை வட்டத்துக்குள் விழுந்தால் அடிக்க ஆரம்பிக்கலாம். முதலில் வலைக்குப் பக்கத்திலிருந்தே அடிக்கட்டும், பந்து தாண்டத் தாண்ட ஓரடி ஓரடியாகப் பின்னால் போகட்டும்.