பெண் பிள்ளைக்கு உயிர் கெட்டியா?

கேள்வி: என் இரண்டு வயதுப் பேத்தி நிமோனியா முற்றி, நாகர்கோவிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள், "பெண் பிள்ளைக்கு உயிர் கெட்டி, பிழைத்துவிடுவாள்" என்கிறார்கள். நம்பலாமா? வீட்டிலிருக்கும் ஐந்து மாதப் பேரனுக்கும் இருமல் தொடங்கியிருக்கிறது.
– ஒரு பாட்டி, தக்கலை

பதில்: அம்மா, அந்தப் பேச்சு பிறந்த குழந்தைகளுக்கு ஓரளவு பொருந்தும். குறைமாதத்தில் பிறப்பவர்களில் ஆண் சிசுக்களே அதிகம் இறக்கிறார்கள். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட், பெண் சிசுவுக்குச் சற்று முன்னதாகவே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்புக்கான மரபணுக்கள் பல எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை நம்பி இருக்க முடியாது. தீவிர சிகிச்சையில் குழந்தையின் உயிராபத்தைக் கணிக்கும் பிரிசம், பிம் ஆகிய மதிப்பெண் முறைகளில் ரத்த அழுத்தம் எவ்வளவு, கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்ற கேள்வியே அவற்றில் கிடையாது. எனவே மருத்துவரிடம் தினமும் இவற்றைக் கேளுங்கள்: ஆக்சிஜன் தேவை நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏறுகிறதா, குறைகிறதா? சிறுநீர் சரியாகப் போகிறதா?

"அவள் தாங்கிக்கொள்வாள்" என்ற நினைப்பு எனக்குக் கோபமூட்டுகிறது. நாட்டின் பல மாநிலங்களில் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகளில் பெண் குழந்தைகள் குறைவாகவே சேர்க்கப்படுகிறார்கள். உடல் கொடுத்த சாதகத்தை வீட்டாரின் தாமதம் பறித்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் குமரி மாவட்டம். இங்கே இந்த நினைப்புக்கு இடமே இருக்கக் கூடாது.

பேரனை இன்றே கவனியுங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் போனால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் சோர்ந்தே கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஆறாவது, பதினான்காவது வாரங்களுக்குரிய நிமோனியா தடுப்பூசி போட்டாயிற்றா என்று அவனுடைய அட்டையைப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இலவசமாகவே போடுவார்கள்.