எத்தனை லிட்டர் என்று எழுதாத உரிமை

கேள்வி: தூய குடிநீர் பெறுவது மனித உரிமை என்று ஐ.நா. அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் அரசியல் சாசனத்திலும் அதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (திண்டுக்கல் வாசகர் ஒருவர்)

பதில்: தீராது. அந்த வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளொன்றுக்கு எவ்வளவு, கொடுக்க வேண்டியவர் யார், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பவற்றைச் சொல்லாத வரி, வழக்கு மன்றத்தில் எளிதாகத் தோற்றுவிடும்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். போதிய நீரைப் பெறும் உரிமை அனைவருக்கும் உண்டு என்று 1996-ஆம் ஆண்டு சாசனத்தின் 27-ஆவது பிரிவிலேயே எழுதிவைத்த நாடு அது. அங்கே சொவெட்டோவின் ஃபிரி பகுதியில், ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி ப்ரீபெய்டு மீட்டர்களைப் பொருத்தியது. மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்ததும், மேலும் பணம் கட்டும்வரை குழாய் தானாக மூடிக்கொள்ளும். வீட்டுக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். ஒரே மனையில் பின்புறக் குடிசைகளோடு பல குடும்பங்கள் வாழ்ந்தது அந்தக் கணக்கில் ஏறவில்லை. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் உயர் நீதிமன்றம் 50 லிட்டர் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 42 ஆக்கியது. 2009 அக்டோபரில் சாசன நீதிமன்றமோ, அளவை நிர்ணயிப்பது நீதிபதிகளின் வேலை அன்று, அரசின் கொள்கை நியாயமானதா என்று மட்டுமே தாங்கள் பார்க்க முடியும் என்று கூறி, மாநகராட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. சாசனத்தில் உரிமை இருந்தும் ஃபிரி மக்கள் தோற்றார்கள். ஆனாலும் வழக்கு நடந்த காலம் முழுதும் மாநகராட்சி தன் கொள்கையைத் திருத்திக்கொண்டே வந்ததை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. அந்த வரியால் விளைந்த நன்மை அவ்வளவுதான், அதுவும் சிறிதன்று.

நம் நாட்டில் அப்படியொரு வரி இல்லை. உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21-ஆவது பிரிவுக்குள் மாசற்ற நீரும் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. (எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த வழக்கில், மனுதாரருக்குச் சொந்த நோக்கம் இருப்பதாகக் கூறி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது.) 1996-இல் பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டது. ஆக, 'கெடுக்காதே' என்று ஆணையிட நம் நீதிமன்றங்களுக்குத் தெரியும். 'இவ்வளவு கொடு' என்று ஆணையிட அவற்றின் கையில் அளவேதும் இல்லை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. அது திட்டத்தின் இலக்கேயன்றிச் சட்டம் அன்று.

நீங்கள் குறிப்பிடும் ஐ.நா. தீர்மானம் 2010 ஜூலை 28-இல் 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை; 41 நாடுகள் ஒதுங்கி நின்றன. இந்தியா ஆதரித்தது, பிரிட்டன் ஒதுங்கியது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டண பாக்கிக்காக வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது 1999 முதல் சட்டம். கை தூக்கிய நம்மிடம் நாடு முழுமைக்கும் அப்படியொரு சட்டம் இல்லை.

ஆகவே, கேட்பதானால் சாசன வரியைவிட, 55 லிட்டரைச் சட்டமாக்கு, பாக்கிக்காகக் குழாயை முழுதாக மூடாதே, பொறுப்பான அதிகாரி யார் என்று எழுது என்று கேளுங்கள். குடிநீர் வழங்கல், மாநிலங்கள் சட்டமியற்றும் துறைகளைச் சாசனம் அடுக்கும் மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனத்தில் வருகிறது. மனுவை டெல்லிக்கு அனுப்பித் தபால் செலவை வீணாக்காமல், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள்.