சேர்க்கைப் படிவத்துக்கு எந்த ப்ளகின்?

கேள்வி: மதுரையில் சிலம்பப் பள்ளி நடத்துகிறேன். மூன்று இடங்களில் வகுப்பு. எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற படிவ ப்ளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டிருக்கிறேன். "ஃபார்ம் நிரப்பி அனுப்பினோம், பதிலே இல்லை" என்று பெற்றோர் பலர் சொல்கிறார்கள். எனக்கு மெயில் எதுவும் வந்து சேரவில்லை. புதிதாக ஒரு சேர்க்கைப் படிவம் வைக்கலாம் என்று இருக்கிறேன். மாணவர் விவரம், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் விவரம், புகைப்படம், ஆதார் நகல், கட்டணம் எல்லாம் அதிலேயே வர வேண்டும். எந்த ப்ளகின் நல்லது என்று கேட்டால், டபிள்யூ.பி.ஃபார்ம்ஸ், கிராவிட்டி ஃபார்ம்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஃப்ளூயன்ட் ஃபார்ம்ஸ் இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும். ஆனால் ஆதார் நகலையும் புகைப்படத்தையும் படிவத்திலிருந்து தூக்கிவிட வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் மெயில் வராத சங்கதியைப் பார்த்துவிடலாம். அதைச் சரிசெய்யாமல் எந்த ப்ளகினுக்கு மாறினாலும் அதே தொல்லை கூடவே வரும்.

படிவ ப்ளகின் எதுவானாலும் தானாக மெயில் அனுப்புவதில்லை. "இதை அனுப்பு" என்று வேர்ட்பிரஸ்ஸிடம் கொடுத்துவிடும். வேர்ட்பிரஸ் அதை உங்கள் ஹோஸ்டிங் சர்வரில் (தளம் குடியிருக்கும் வாடகைக் கணினி) இருக்கும் பி.எச்.பி. மெயில் வசதியிடம் தள்ளிவிடும். பி.எச்.பி. என்பது வேர்ட்பிரஸ் ஓடும் கணினி மொழி. உங்கள் டொமைன் (தள முகவரி) பெயரில் மெயில் அனுப்ப அந்த சர்வருக்கு உரிமை உண்டா என்பதற்கு அத்தாட்சி எதுவும் அதில் இல்லாமல் போவது சகஜம். ஜிமெயில் போன்ற சேவைகள் இந்த விஷயத்தில் இப்போது கறாராக இருக்கின்றன. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு அனுப்பும் யாராக இருந்தாலும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். என்ற டொமைன் அத்தாட்சிகளில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. இல்லாவிட்டால் கடிதம் ஸ்பாமுக்குப் போகும், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

இன்னொரு தப்பு நிறையத் தளங்களில் நடக்கிறது. கான்டாக்ட் ஃபார்ம் 7-இல் உங்கள் படிவத்தைத் திறந்து 'மெயில்' பகுதிக்குப் போங்கள். 'ஃப்ரம்' என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது? படிவம் நிரப்புபவரின் மெயில் முகவரி அங்கே வரும்படி வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். யாரோ ஒரு பெற்றோரின் ஜிமெயில் முகவரியைப் போட்டு, கூகுளுக்குச் சம்பந்தமில்லாத சர்வரிலிருந்து வரும் கடிதம் போலிக் கடிதமாகத்தான் தெரியும். 'ஃப்ரம்' கட்டத்தில் உங்கள் டொமைனின் முகவரி இருக்கட்டும். பெற்றோரின் முகவரி 'ரிப்ளை-டு' வரிக்குப் போகட்டும். நீங்கள் 'ரிப்ளை' அழுத்தினால் பதில் அவருக்கே போகும்.

அப்புறம் ஃப்ளூயன்ட் எஸ்.எம்.டி.பி. என்ற ப்ளகினை நிறுவுங்கள். பி.எச்.பி. மெயிலை விட்டுவிட்டு, முறையான ஒரு மெயில் கணக்கு வழியாகக் கடிதத்தை அனுப்ப வைப்பது இதன் வேலை. இது முழுக்க இலவசம். எந்த மெயில் எப்போது போனது, எது தோற்றது என்ற பதிவேட்டையும் வைத்திருக்கும். இதைவிடப் பிரபலமான டபிள்யூ.பி. மெயில் எஸ்.எம்.டி.பி.யில் அந்தப் பதிவேடு கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். உங்களுக்கு முக்கியமாக வேண்டியதே அந்தப் பதிவேடுதான், அதனால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் டொமைனில் மெயில் பெட்டி இருந்தால் அதை இணையுங்கள். ஜிமெயிலைத்தான் இணைக்கப் போகிறீர்கள் என்றால், கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று எடுக்க வேண்டும். கூகுள் தரும் 16 எழுத்துகள் அவை. வழக்கமான பாஸ்வேர்டு அங்கே செல்லாது. முடித்ததும் அங்கேயே இருக்கும் சோதனை மெயிலை உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

சரி, இனி ப்ளகின்கள். ப்ளகின்களை ஒப்பிடும்போது எல்லோரும் இழுத்துப் போட்டுப் படிவம் செய்யும் வசதியைத்தான் அளக்கிறார்கள். இன்று அது எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: 'சமர்ப்பி' அழுத்திய பிறகு அந்த விவரம் எங்கே போய் உட்காருகிறது?

கான்டாக்ட் ஃபார்ம் 7 எதையும் சேமிப்பதில்லை. மெயிலாக அனுப்பும், அதோடு சரி. மெயில் போகவில்லை என்றால் விவரமும் போச்சு. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பழைய விண்ணப்பங்களை இனித் தேடி எடுக்க வழியில்லை, ஸ்பாம் பெட்டியை மட்டும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். இதை எழுதிய ஜப்பான்காரர் டகாயுகி மியோஷியே, வரும் விவரங்களைச் சேமிக்க ஃப்ளமிங்கோ என்று தனி ப்ளகின் கொடுத்திருக்கிறார். அது பலருக்குத் தெரிவதே இல்லை. கான்டாக்ட் ஃபார்ம் 7, 2007 முதல் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும் ப்ளகின். பெயர், மெயில், செய்தி என்று மூன்று கட்டம் வேண்டும் என்றால் இன்றும் இதையே சொல்வேன். ஆனால் "18 வயதுக்குள் என்றால் பெற்றோர் விவரம்" போன்ற நிபந்தனைக்கு வேறொருவர் எழுதிய துணை ப்ளகின் தேவை. சேமிக்க ஒன்று, நிபந்தனைக்கு ஒன்று என்று ஒட்டுப்போட ஆரம்பித்தால், ஒவ்வொன்றையும் அப்டேட் செய்வதே தனி வேலையாகிவிடும்.

டபிள்யூ.பி.ஃபார்ம்ஸ் பார்க்க அழகு, புதியவருக்குக் கை பழகுவதும் எளிது. ஆனால் அதன் இலவச 'லைட்' பதிப்பில் வந்த விண்ணப்பங்களை டாஷ்போர்டில் (வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கம்) பார்க்க முடியாது. அவர்களுடைய சர்வரில் பிரதி எடுத்து வைக்கும் வசதி உண்டு. பிரித்துப் படிக்க வேண்டுமென்றால் கட்டணப் பதிப்புக்கு மாற வேண்டும். உங்கள் நிலைமைக்கு இது ஒத்துவராது.

மிச்சம் இரண்டு. ஃப்ளூயன்ட் ஃபார்ம்ஸ், ஃபார்மினேட்டர். இரண்டும் இலவசப் பதிப்பிலேயே விண்ணப்பங்களைச் சேமிக்கின்றன, நிபந்தனை வசதியும் தருகின்றன. கோப்பு பதிவேற்றம்தான் இரண்டையும் பிரிக்கிறது. ஃப்ளூயன்டில் அது கட்டணப் பதிப்பில், ஃபார்மினேட்டரில் இலவசத்திலேயே. கூகுள் ஷீட் இணைப்பும் அப்படித்தான். புகைப்படம் படிவத்தில் வந்தே தீர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் ஃபார்மினேட்டரை எடுங்கள்.

ஆனால் வந்தே தீர வேண்டுமா? கைபேசியில் எடுக்கும் படம் சாதாரணமாக 3, 4 எம்.பி. வரும். பி.எச்.பி.யின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 எம்.பி. ஹோஸ்டிங்காரர் அதைக் கூட்டி வைக்கவில்லை என்றால் பெற்றோர் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு மூடிப் போய்விடுவார். முதல் நாள் வகுப்பில் நீங்களே ஒரு படம் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

ஆதார் விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: வாங்காதீர்கள். பதிவேற்றப்படும் கோப்புகள் உங்கள் ஹோஸ்டிங்கில் ஒரு ஃபோல்டரில் போய்ச் சேரும். அந்த ஃபோல்டரைச் சரியாகப் பூட்டாவிட்டால், இணைப்பு தெரிந்த யாரும் உலாவியில் திறந்துவிடலாம். ஊர்ப் பிள்ளைகளின் ஆதார் நகல்களை அப்படி ஓர் இடத்தில் குவித்து வைத்து உங்களுக்கு ஆகப்போவது என்ன? வயதுச் சான்று வேண்டுமென்றால் நேரில் வரும்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே வைக்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கையில் விவரம் குறையக் குறைய உங்களுக்குத் தலைவலியும் குறைவு.

ஆக, ஃப்ளூயன்டில் படிவம் இப்படி இருக்கட்டும். பெயருக்கு ஒரே கட்டம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்துக் கேட்டால், இனிஷியலை எங்கே போடுவது என்று நம் ஆட்கள் திண்டாடுவார்கள். பிறந்த தேதிக்குப் பதில் 'வயது' என்று ஓர் எண் கட்டம் வையுங்கள். தேதியை வைத்து நிபந்தனை எழுதுவது வம்பு. எண்ணை வைத்து எழுதுவது சுலபம். அடுத்து 'பெற்றோர் பெயர்', 'பெற்றோர் கைபேசி' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் அமைப்பிலும் நிபந்தனையை இயக்கி, 'வயது' 18-ஐவிடக் குறைவு என்றால் மட்டும் காட்டு என்று தேர்ந்தெடுங்கள். இரண்டையும் கட்டாயம் என்றே குறிக்கலாம். 25 வயதுக்காரருக்கு அவை தெரியாது, தெரியாத கட்டத்தை நிரப்பச் சொல்லி ப்ளகின் மறிக்காது. பெற்றோர் ஒப்புதலுக்கு ஒரு டிக் பெட்டியும் இதே நிபந்தனையில் இருக்கட்டும். அந்த டிக் மட்டுமே சட்டம் கேட்கும் சரிபார்ப்பு ஆகிவிடாது. சேரும் நாளில் பெற்றோரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். மூன்று கிளைகளுக்கு ஒரு கீழிறங்கு பட்டியல். அவ்வளவுதான்.

வந்த விண்ணப்பங்களை சி.எஸ்.வி. (வெறும் எழுத்தாக இருக்கும் அட்டவணை) கோப்பாக இறக்கி எக்செலில் நேரடியாகத் திறந்தால், சில சமயம் தமிழெல்லாம் கொத்துக் கொத்தாகப் புரியாத குறிகளாகத் தெரியும். விவரம் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். எக்செலில் வெற்றுத் தாளைத் திறந்து, 'டேட்டா' பகுதி வழியாக அந்தக் கோப்பை உள்ளே இழுத்து, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். கூகுள் ஷீட்டில் திறந்தால் இந்த வம்பே இல்லை.

கட்டணத்துக்கு வருவோம். பெரும்பாலான படிவ ப்ளகின்கள் "இலவசமாகவே பணம் வாங்கலாம்" என்று விளம்பரம் செய்வது ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவையை நம்பி. இந்தியாவில் ஸ்ட்ரைப் 2024 முதல் அழைப்பின் பேரில் மட்டுமே புதிய கணக்கு தருகிறது. சிலம்பப் பள்ளிக்கு அந்த வழி மூடியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரேசர்பே என்ற இந்தியக் கட்டணச் சேவையின் இணைப்பு ஃப்ளூயன்டின் கட்டணப் பதிப்பில் இருக்கிறது. அதற்காக ஆண்டுதோறும் செலவழிக்கும் முன், ரேசர்பேயிலேயே 'பேமென்ட் பேஜ்' என்று ஒன்று செய்துகொள்ள முடியும் என்பதைக் கவனியுங்கள். படிவம் சமர்ப்பித்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் அந்த இணைப்பைக் கொடுத்தால் போதும். அதுவும் வேண்டாம் என்றால், அங்கே உங்கள் யு.பி.ஐ. கியூஆர் படத்தை வையுங்கள். பணம் கட்டியவர் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நீங்கள் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மாதம் பத்துப் பதினைந்து பேர் சேரும் இடத்துக்கு இது தாராளம். என்னைக் கேட்டால், பிள்ளை ஒருநாள் வந்து கம்பைப் பிடித்துப் பார்க்கும் முன் கட்டணம் கேட்பதே சரியில்லை.

கிராவிட்டி ஃபார்ம்ஸ் பற்றி உங்களிடம் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. 2009 முதல் இருக்கிறது, உறுதியானது, இலவசப் பதிப்பே கிடையாது. ஐம்பது கட்டங்கள், பல பக்கங்கள், பாதியில் சேமித்துவிட்டுப் பிறகு தொடர்வது என்று வேலை இருக்கும் கல்லூரிக்கோ நிறுவனத்துக்கோ அது பொருத்தம். கட்டணப் பதிப்பு எதை வாங்கினாலும் முதலாண்டு விலையோடு புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். பலவற்றில் முதலாண்டுத் தள்ளுபடி மறு ஆண்டு இருக்காது.

ஸ்பாமுக்கு, முதலில் ஃப்ளூயன்டின் அமைப்புகளில் இருக்கும் ஹனிபாட்டை இயக்குங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் அது. எந்திரம் மட்டும் போய் நிரப்பி மாட்டிக்கொள்ளும். அதையும் தாண்டி வந்தால் வந்திருப்பது மனிதரா எந்திரமா என்று பார்க்கும் கிளவுட்ஃபிளேரின் டர்ன்ஸ்டைலைச் சேர்க்கலாம், காசு கிடையாது. பேருந்துப் படத்தைத் தேடித் தேடிக் கிளிக் செய்யும் தண்டனையைப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டாம்.

எந்த ப்ளகினானாலும் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2020 டிசம்பரில் கான்டாக்ட் ஃபார்ம் 7-இன் கோப்பு பதிவேற்றத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது. 2022 ஜூனில் நிஞ்ஜா ஃபார்ம்ஸ் என்ற இன்னொரு படிவ ப்ளகினின் ஓட்டை எவ்வளவு மோசம் என்றால், தளக்காரர்களைக் கேட்காமலேயே அப்டேட் தள்ளப்பட்டது. தானியங்கி அப்டேட்டை இயக்கிவிடுங்கள்.

மாறும்போது பழைய படிவத்தை முதலில் அழித்துவிட வேண்டாம். கான்டாக்ட் ஃபார்ம் 7-இன் படிவங்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் கருவி ஃப்ளூயன்டிலேயே இருக்கிறது. புதிய படிவத்தை ஒரு தனிப் பக்கத்தில் வைத்து, உங்கள் கைபேசியிலிருந்து 12 வயது என்று ஒருமுறை, 30 என்று ஒருமுறை நிரப்பி அனுப்புங்கள். டாஷ்போர்டில் இரண்டும் பதிவாகி, மெயிலும் வந்துவிட்டால், பழைய குறுங்குறியீடு (படிவத்தைக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் போடும் 'ஷார்ட்கோட்' வரி) எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று தேடி மாற்றுங்கள். அடிப்பகுதியிலும் பக்கப்பட்டையிலும் ஒளிந்திருக்கும், பாருங்கள். ஒன்றை விட்டுவிட்டுப் பழைய ப்ளகினை நீக்கினால், அந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரி அம்மணமாகத் தெரியும்.