பதில் வரவில்லையா, பிடிக்கவில்லையா?

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறேன். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வரலாமா என்று மூன்று மாதமாக ஆண்டவரிடம் கேட்டுவருகிறேன். அமைதியாக உட்கார்ந்தால் ஒன்றும் கேட்பதில்லை. மனம் அலைகிறது, சில நாள் தூக்கமே வந்துவிடுகிறது. என் மனைவிக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் ஜெபக்குழு நண்பர் ஒருவர், “நீ வர வேண்டுமென்று ஆண்டவர் என்னிடம் சொன்னார்” என்கிறார். அவருக்குக் கேட்பது எனக்கு ஏன் கேட்கவில்லை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பேசாமல் இருப்பது எத்தனை நிமிடம்? ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்தோத்திரம், குடும்பம், சபை, நோயாளிகள் பட்டியல், பிறகு சொந்த விண்ணப்பம் என்று போய், கடைசி இரண்டு நிமிடம் “பேசும் ஆண்டவரே” என்று கண்ணை மூடுகிறவர்களே அதிகம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ வந்தாக வேண்டும். ‘ஆம்’ என்றே வந்தால் இன்னும் நல்லது. உங்கள் கடிதத்தின் தொனியும் அதுதான்.

எரேமியா 42ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எருசலேம் விழுந்தபின் மீந்திருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிகிறோம், கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும் என்கிறார்கள். பத்து நாள் சென்றுதான் வார்த்தை வருகிறது: எகிப்துக்குப் போகாதிருங்கள். கேட்டதும், நீ பொய் சொல்லுகிறாய் என்று தீர்க்கதரிசியின் மேலேயே பாய்கிறார்கள். காரணம் முந்தின அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. எகிப்துக்குப் போகிற எண்ணத்தோடு பெத்லெகேமுக்கு அருகே அவர்கள் ஏற்கெனவே வந்து தங்கியாகிவிட்டது!

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஊழியக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். “போ என்றாலும் இரு என்றாலும் சம்மதம்” என்று மனதாரச் சொல்ல முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியவில்லை என்றால் அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

அமைதிக்கு ஒரு மணி நேரம் வேண்டாம், இருபது நிமிடம் போதும். ஒரு சுவிசேஷத்தை எடுத்து வரிசையாக நாளுக்கு ஆறு முதல் பத்து வசனம். பகுதியை முந்தின இரவே குறித்துவிடுங்கள். காலையில் தேடினால் சாதகமான வசனத்தில்தான் கை போய் நிற்கும். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கமும் இந்த ரகம்தான். வந்த வசனம் பிடிக்காவிட்டால் இன்னொரு முறை திறக்காதவர் யார்?

பகுதியை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். ஏதோ ஒரு சொற்றொடரில் மனம் நிற்கும். அது ஆறுதலாகவும் இருக்கலாம், உறுத்தலாகவும் இருக்கலாம். அதையே மனதுக்குள் சொல்லிச் சொல்லி அசைபோடுங்கள், அதைப் பற்றி ஆண்டவரிடம் இரண்டு வாக்கியம் பேசுங்கள், பிறகு பத்து நிமிடம் சும்மா இருங்கள். எழுந்திருக்குமுன் நோட்டில் தேதி போட்டு ஒரே ஒரு வரி. வாசிப்பு, தியானம், ஜெபம், தேவசமுகத்தில் அமைந்திருத்தல் என்று 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ சொன்ன நான்கு படிகள்தான் இவை. ‘துறவிகள் வழி நமக்கெதற்கு’ என்று முகம் சுளிப்பவர்கள் முதல் படி வேதவாசிப்பு என்பதைக் கவனிக்கவும். மனதைக் காலியாக்கப் பார்க்காதீர்கள். பற்றிக்கொள்ள ஒரு வசனம் இல்லாத மனம்தான் அதிகம் அலையும்.

அப்போதும் அலையும். பத்து நிமிடத்தில் இருபது தடவைகூட அலையலாம். அதோடு மல்லுக்கட்டினால் பத்து நிமிடமும் அதற்கே சரியாகிவிடும். செய்ய மறந்த வேலை நினைவுக்கு வந்தால் பக்கத்துத் தாளில் ஒரு சொல் எழுதிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். ஒரே கவலை நாலைந்து நாள் தொடர்ந்து வந்தால் அதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். அதைத்தான் நீங்கள் ஜெபத்தில் பேசாமல் விட்டிருக்கிறீர்கள். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

தூக்கத்துக்கு ஆவிக்குரிய காரணம் தேடாதீர்கள். ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ என்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிற 1 இராஜாக்கள் 19லேயே, ஓரேப் மலைக்குப் போகுமுன் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் இரண்டு தடவை தூங்கி, இரண்டு தடவை சாப்பிடுகிறார். இரவு சீக்கிரம் படுங்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி, முதுகு நேராக இருக்கும்படி நாற்காலியில் உட்காருங்கள். அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. மெல்லிய சத்தத்துக்குப் பின் எலியாவுக்குக் கிடைத்தது கேள்விதான்: “இங்கே உனக்கு என்ன காரியம்?” வேலையை விட ஏன் இவ்வளவு ஆசை என்று உங்கள் அமைதியில் ஒரு கேள்வி எழுந்தால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

இனி நண்பர் விஷயம். 1 இராஜாக்கள் 13இல், யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்குப் பெத்தேலில் புசிக்கவும் குடிக்கவும் கூடாதென்று நேரடிக் கட்டளை. ராஜா விருந்துக்கு அழைத்தபோது மறுத்தவர், ஒரு கிழத் தீர்க்கதரிசி “தேவதூதன் என்னிடம் சொன்னான்” என்றதும் போய்ச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் சிங்கம் அவரைக் கொன்றுபோட்டது. உங்கள் நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உங்கள்மேல் உள்ள பிரியத்தையே ஆண்டவரின் வாக்கு என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள் என்ற பவுல், அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5). அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிட ஆவியானவர் சொன்னது, உபவாசித்துக்கொண்டிருந்த பலர் முன்னிலையில். உங்களுக்கு வந்திருப்பதோ ஒருவரின் ஒரே வாக்கியம். போதகரும், இதில் லாப நஷ்டம் இல்லாத முதிர்ந்த விசுவாசிகள் இரண்டு பேரும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

உள்ளே எழும் எண்ணத்தையும் அப்படியே சோதியுங்கள். ‘இன்றே செய்’ என்று விரட்டுகிறதா, உங்களைப் பெரியவராக்கி, மறுக்கிறவர்களைச் சிறியவர்களாக்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு மாதம் ஆறப்போடுங்கள். மனம் வறண்டு சோர்ந்திருக்கும்போது பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதி. அலுவலகத்தில் அவமானப்பட்ட வாரத்தில் ‘அழைப்பு’ பலமாகக் கேட்கும்! (காதிலேயே குரல் கேட்டு, அது தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொன்னால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.)

மனைவியின் மறுப்பை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மூன்று மாதமாகப் பதில் வரவில்லை என்பவர், தினமும் வீட்டில் கேட்கிற அந்தக் குரலைப் பதிலின் பகுதியாக ஏன் எண்ணிப்பார்க்கவில்லை? அவரும் அதே பகுதியைத் தனியாகத் தியானித்துத் தன் நோட்டில் எழுதட்டும். வாரம் ஒருமுறை நோட்டுகளை மாற்றி வாசியுங்கள். சம்பளம் நின்றால் முதல் ஆறு மாதம் வீடு எப்படி நடக்கும் என்று கணக்கெழுதி அவர் முன் வையுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் ஆண்டவர்தான் (லூக்கா 14:28). அதுவரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். அடுத்த கடிதத்தில் உங்கள் மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்பதை எழுதுங்கள். நண்பர் சொன்னதைத்தான் ஏற்கெனவே விவரமாக எழுதிவிட்டீர்களே.