பீரங்கி மலை ஏறலாமா? வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழில், மும்பைத் துறைமுகத்துக் கடலில் இருக்கும் எலிபெண்டா தீவையும் அதன் குகைக்கோயிலையும் பற்றி எழுதும்போது, "குகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதித் தீவைத்தான் பார்த்திருக்கிறார்கள், மேலே பீரங்கி மலைக்கும் ஏறுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதங்கள் எல்லாம். குகையைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. சரி, மலையையே பேசுவோம்.

முலுண்ட் வாசகர்: மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது குகை பார்த்தேன். மேலே ஒரு மலை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. அங்கே என்னதான் இருக்கிறது?

இரண்டு பீரங்கி, நிறையக் காற்று, சுற்றிலும் கடல். அவ்வளவுதான் தம்பி. ஆனால் அந்த அவ்வளவுக்காகத்தான் போகணும்.

படகுத்துறையிலிருந்து கடைகளுக்கு நடுவே நூற்றிச் சொச்சம் படி ஏறினால் குகை இருக்கும் இடம் வருகிறது. எல்லோரும் அங்கே நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேலேயும் பாதை போகிறது. மண்ணும் கல்லுமான பாதை, அங்கங்கே மர நிழல், அங்கங்கே சுள்ளென்ற வெயில். வழி தெரியாவிட்டால் ஏதாவது ஒரு கடையில் "தோஃப்" (அவர்கள் பாஷையில் பீரங்கி) என்று கேட்டால் போதும், கை காட்டிவிடுவார்கள். சுமாரான நடைக்கு அரைமணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தீவின் குன்றுகள் ஏறக்குறைய ஐந்நூறு அடி உயரம். நம் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மேடுதான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேராக எழும்புவதால் உயரம் நன்றாகவே தெரியும்.

செம்பூர் வாசகி: மேலிருந்து பார்த்தால் மும்பை தெரியும் என்கிறார்கள். அதை மரைன் டிரைவிலேயே பார்த்துக்கொள்ளலாமே அண்ணாச்சி? அதற்கு ஒரு மணி நேரம் படகில் போகணுமா?

பார்க்கலாம் தாயி. ஆனால் மரைன் டிரைவில் தெரிவது ஊரின் அழகு. இங்கே தெரிவது ஊர் எதனால் பிழைக்கிறது என்பது. பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் காலமெல்லாம் பேப்பரில் கப்பல் பார்த்தவன் நான். வந்த கப்பல், போன கப்பல், இறக்கிய சரக்கு எல்லாம் எழுத்தில்தான். அதெல்லாம் ஒரே பார்வையில் விரிந்து கிடக்கும் இடம் இந்த மலை.

மேற்கே திரும்புங்கள். கொலாபாவிலிருந்து வடக்கே கட்டடங்கள் வரிசையாக நிற்கும். குளிர்கால மாதங்களில் பாதி நாள் புகைமூட்டத்தில் மங்கலாகத்தான் தெரியும், அதற்குத் தயாராகப் போங்கள். அதற்கும் நமக்கும் நடுவே ஒரு சின்னத் தீவு, அதில் வட்ட வட்டமாக எண்ணெய்த் தொட்டிகள். அதுதான் புட்சர் தீவு, சர்க்கார் பெயர் ஜவஹர் தீவு. உள்ளே போக நமக்கெல்லாம் அனுமதி கிடையாது. கச்சா எண்ணெய் கொண்டுவரும் டேங்கர்கள் அங்கேதான் கட்டும். அங்கிருந்து கடலுக்கு அடியில் குழாய் வழியாக எண்ணெய் மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. செம்பூரில் ராத்திரி ஜன்னலைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடையின் பூர்வீகத்தை நேரிலேயே பார்க்கலாம். 2017 அக்டோபரில் மின்னல் விழுந்து ஒரு டீசல் தொட்டி நாள்கணக்கில் எரிந்ததும் அந்தத் தீவில்தான்.

அப்புறம் வடக்கே. டிராம்பே குன்று, அதன் முன்னால் கடலின் குறுக்கே ஒரு கோடு போட்ட மாதிரி அடல் சேது பாலம். மும்பையின் சிவ்டியிலிருந்து நவி மும்பைக் கரை வரை மொத்தம் 21.8 கிலோமீட்டர், 2024 ஜனவரியில் திறந்தார்கள். காரில் அதன்மேல் போகும்போது அதன் நீளம் உறைக்காது. மலைமேல் நின்று இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கண்ணை ஓட்டினால்தான் உறைக்கும். கிழக்கே நாவா ஷேவா துறைமுகத்தின் கிரேன்கள். 1989-ல் அந்தத் துறைமுகம் வந்த பிறகுதான் கன்டெய்னர் கப்பல்கள் ஒவ்வொன்றாக மும்பைக் கரையை விட்டு அந்தப் பக்கம் போயின. எங்கள் ஆபீஸில் வேலை மெலிந்ததும் அப்போதுதான். அந்த கிரேன்கள் மேல் எனக்கு லேசாக ஒரு கோபம் இன்னும் உண்டு, அதை விடுங்கள். தெற்கே உரண் பக்கத்துக் குன்று, அதைத் தாண்டித் துறைமுக வாய், அப்பால் திறந்த கடல்.

பீரங்கியை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே நுழைகிற எந்தக் கப்பலும் இந்தக் கண்ணிலிருந்து தப்ப முடியாது.

தாராவி மாணவர்: அது சிவாஜி மகாராஜா வைத்த பீரங்கி என்று எங்கள் வகுப்பில் ஒருவன் சொல்கிறான். உண்மையா?

இல்லை தம்பி. அவை பிரிட்டிஷார் துறைமுகக் காவலுக்கு வைத்தவை. சிவாஜி காலம் 17-ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்துப் பீரங்கி வாய் வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்புகிற வகை. இங்கே இருப்பது நீளக் குழல், திசை திருப்ப வசதியாக இரும்பு அடித்தளத்தில் உட்கார்த்தியிருக்கிறார்கள். நேரில் போய் அந்த அடித்தளத்தைப் பார், பிறகு நண்பனோடு வாதாடு. மேலே ஏறிக் குழலில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ எடுக்காதே. வெயிலில் காய்ந்த இரும்பு, பின்பக்கம் வெந்துவிடும்.

டோம்பிவிலி வாசகி: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா?

குகை வரைக்கும் தாராளமாக. படகுத்துறையிலிருந்து படிக்கட்டு வரை பொம்மை ரயில் ஓடுகிறது, படிக்கு டோலி கிடைக்கும். டோலிக்கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள், இறங்கியபின் பேசினால் சண்டைதான். ஆனால் பீரங்கி மலைக்கு வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு எமன், சரளைக்கல் வேறு சறுக்கும். அம்மா குகைக்குள்ளே சதாசிவம் முன்னால் உட்காரட்டும். இருபதடி உயரத்தில் மூன்று முகம், நடுமுகம் கண்ணை மூடியிருக்கும். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து வர மனசு வராது. நீங்கள் மட்டும் மேலே போய்விட்டு வாருங்கள்.

சயான் வாசகர்: முதலில் குகையா, முதலில் மலையா?

மலை. காலை ஒன்பது மணிவாக்கில் கிளம்பும் படகைப் பிடித்தால் பதினொரு மணிக்குள் மேலே நிற்கலாம், வெயில் ஏறியிருக்காது. உச்சிவேளைக்கு இறங்கிக் குகைக்குள் நுழைந்தால் பாறை சில்லென்று இருக்கும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து மேலே வந்து, "இதுக்குத்தானா?" என்று சலித்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை, அன்றைக்குக் கிளம்பாதீர்கள். மழைக்காலத்தில் பச்சையாக அழகாக இருக்கும், ஆனால் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உத்தமம். சயானிலிருந்து ரயிலில் சி.எஸ்.எம்.டி. வந்து, அங்கிருந்து டாக்ஸியோ பஸ்ஸோ பிடித்தால் படகு கிளம்பும் கேட்வே ஆஃப் இந்தியா.

ஆன்டாப் ஹில் வாசகி: 2024-ல் நடந்த படகு விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரையும் அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். அந்த டிசம்பரில் எலிபெண்டா போன படகில் கடற்படையின் வேகப்படகு மோதிப் பலர் இறந்தார்கள். நான் சொல்வது இரண்டே விஷயம். லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, கொக்கியைப் பூட்டிப் போடுங்கள். தோளில் தொங்கவிடுவதற்குப் பெயர் போடுவது இல்லை. கூட்டம் பிதுங்கும் படகானால் இறங்கிக்கொண்டு அடுத்ததில் போங்கள், டிக்கெட்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அதற்கு மேலும் மனசு ஒப்பவில்லை என்றால் போகவே வேண்டாம், குகை எங்கேயும் ஓடிவிடாது.

நெருல் வாசகர்: குரங்குத் தொல்லை உண்டாமே?

உண்டு. கையில் பாட்டில், பொட்டலம் எதுவும் தெரியக்கூடாது. கலர் பானம் என்றால் மூடியைத் திருகிக் குடித்துவிட்டுப் போகும். சாப்பாட்டைக் கீழே கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீருக்கு வழியில்லை என்று நினைத்து ஆளுக்கு ஒரு லிட்டர், பைக்குள்ளே.

மாட்டுங்கா வாசகர்: எலிபெண்டாவில் இருந்த கல்யானை இப்போது எங்கே?

பைகுல்லாவில் ராணி பாக் பூங்காவில், பாவு தாஜி லாட் மியூசியத்துக்கு வெளியே. 1864-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது கிரேன் உடைந்து, யானை விழுந்து சிதறியது. துண்டுகளைப் பிறகு ஒட்டவைத்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து அரைமணிப் பயணம், தீவுக்குப் போகும் முன்பே பார்த்துவிடலாம்.

வாஷி வாசகர்: மலைமேல் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு ராத்திரி தங்கிவர முடியுமா?

முடியாது. வெளியாள்கள் ராத்தங்க அனுமதி இல்லை. தீவில் மூன்று கிராமங்கள் இருக்கின்றன. அவர்களுக்கே கடலடிக் கேபிள் வழியாக மின்சாரம் வந்தது 2018-ல்தான். கண்ணெதிரே மும்பை விடிய விடிய ஜொலிக்க, அத்தனை வருஷம் ஜெனரேட்டரில் சில மணி நேர வெளிச்சத்தோடு காலம் தள்ளியிருக்கிறார்கள். அஸ்தமனம் வரை மேலே நின்றால் படகு போய்விடும். கரையில் இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மலையிலிருந்து இறங்க ஆரம்பியுங்கள். கடைசிப் படகில் கூட்டம் அலைமோதும், அதற்கு முந்தையதில் ஏறினால் வலதுபக்க ஜன்னலோரம் கிடைக்கும்.