மஞ்சள் நெளிகோட்டை நீக்க 7,500 ரூபாயா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிறாள். அவளுக்காகக் காலி வீதியில் ஒரு கடையில் மடிக்கணினி வாங்கினோம். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற, நிரல் எழுதும் எடிட்டரையும் 'அனகொண்டா' என்ற ஒன்றையும் கடையிலேயே போட்டுத் தந்தார்கள். பிறகு வகுப்பாசிரியர் சொன்னபடி, பைத்தன் என்ற நிரல்மொழியை அதன் இணையத்தளத்திலிருந்து அவளே தரவிறக்கிக்கொண்டாள். இப்போது 'பாண்டாஸ்' என்ற லைப்ரரியை அழைக்கும் வரியின் கீழ் மஞ்சள் நிறத்தில் நெளிகோடு விழுகிறது, நிரலும் ஓடவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "இது இலவசப் பதிப்பு, லைப்ரரிகள் வராது, ப்ரொஃபெஷனல் பதிப்பும் லைப்ரரித் தொகுப்பும் சேர்த்து 7,500 ரூபாய்" என்கிறார்கள். 1,500 ரூபாய் முற்பணமும் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கொடுத்ததையும் திருப்பிக் கேளுங்கள்.

விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டருக்கு ப்ரொஃபெஷனல் பதிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்ட காலம் முதல் இலவசம். அலுவலகத்தில் வைத்துச் சம்பாதித்தாலும் இலவசம். பெயரில் பாதியைப் பகிர்ந்துகொள்ளும் 'விஷுவல் ஸ்டூடியோ' வேறொரு மென்பொருள். ப்ரொஃபெஷனல், என்டர்பிரைஸ் என்று காசுக்கு விற்கும் பதிப்புகள் அதற்குத்தான் உண்டு. அதிலும் மாணவர்கள் பாவிக்க கம்யூனிட்டி பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கடைக்காரர் குழம்பிப்போய்ச் சொன்னாரோ, குழப்புவதற்காகச் சொன்னாரோ, போவது உங்கள் பணம். லைப்ரரி என்பது வேறொருவர் முன்பே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. பைத்தனுக்கும் விலை இல்லை, பாண்டாஸுக்கும் விலை இல்லை. 'லைப்ரரித் தொகுப்பு' என்று அவர் விற்க நினைப்பது பெரும்பாலும் உங்கள் மடிக்கணினிக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

எங்கே என்கிறீர்களா? அனகொண்டா என்பதே பைத்தனையும் பாண்டாஸ் உள்ளிட்ட ஏராளமான லைப்ரரிகளையும் ஒன்றாகக் கட்டித் தரும் பொதிதான். ஆகவே கடையில் அதைப் போட்ட அன்றே ஒரு பைத்தன் கணினிக்குள் வந்துவிட்டது. மகள் தரவிறக்கியது இரண்டாவது பைத்தன். ஒவ்வொரு பைத்தனுக்கும் 'சைட்-பாக்கேஜஸ்' என்ற தனிக் கோப்புறை உண்டு. அதற்கென்று நிறுவிய லைப்ரரிகள் அதற்குள்தான் கிடக்கும். ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் கொடுத்துவிட்டுப் போன பார்சலை நான்காம் மாடியில் கேட்டால் இல்லை என்றுதானே சொல்வார்கள்? பாண்டாஸ் அனகொண்டாவில் இருக்கிறது. எடிட்டரோ புதிய பைத்தனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கோட்டின் கதை இவ்வளவுதான்.

மகளிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். பைத்தன் கோப்பு ஒன்றை எடிட்டரில் திறந்தால், வலப்பக்கக் கீழ் மூலையில் பைத்தனின் பதிப்பு எண் சிறிதாகத் தெரியும். அதை அழுத்த வேண்டும். எண் தெரியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'பைத்தன்: செலக்ட் இன்டர்பிரிட்டர்' என்ற கட்டளையைத் தேடி எடுக்கலாம். கணினியில் உள்ள பைத்தன்கள் எல்லாம் பட்டியலாக வரும். பக்கத்தில் 'பேஸ்' என்றும், பாதையில் 'அனகொண்டா3' என்றும் இருப்பது கடையில் போட்டது. அதைத் தேர்ந்தெடுத்தால் சில விநாடிகளில் நெளிகோடு மறைந்துவிடும். நாளைக்கே ஒப்படைக்க வேண்டிய பயிற்சி ஏதும் இருந்தால் இதுவே போதும்.

ஆனால் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. உயர்தரப் பாடத்துக்கு அனகொண்டா அளவுக்கு மீறிய பொதி. வட்டில் பல ஜிகாபைட் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் சொன்ன பைத்தனை வைத்துக்கொண்டு அனகொண்டாவை நீக்குவதே என் விருப்பம். நீக்கிய பிறகு, அதே பட்டியலில் புதிய பைத்தனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எடிட்டரின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) 'பைத்தன் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்' (python -m pip install pandas) என்ற வரியை ஆங்கிலத்தில் தட்டினால் போதும். பிப் என்பது லைப்ரரிகளை நிறுவும் கருவி. ஆனால் வெறுமனே 'பிப்' என்று தொடங்கக் கூடாது. கணினியில் இரண்டு பைத்தன் இருந்தால் வெறும் பிப் எதனுடையது என்று சொல்ல முடியாது. முன்னால் 'பைத்தன் -எம்' போட்டால், அந்த டெர்மினலில் ஓடும் பைத்தனுக்கே லைப்ரரி போய்ச் சேரும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் அதே வரியில் 'இன்ஸ்டால்' என்ற இடத்தில் 'ஷோ' என்று மாற்றித் தட்டுங்கள். வரும் விவரங்களில் 'லொகேஷன்' என்றொரு வரி இருக்கும். சைட்-பாக்கேஜஸ் என்று முடியும். அந்தப் பாதையின் முற்பகுதியும், எடிட்டரில் தேர்ந்தெடுத்த பைத்தனின் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'பைத்தன்312' என்றும் மற்றதில் 'அனகொண்டா3' என்றும் இருந்தால், கோளாறு கையோடு பிடிபட்டது.

இணையத்தில் தேடினால் இன்னொரு வைத்தியமும் கிடைக்கும்: எடிட்டரின் அமைப்புகளில் 'எக்ஸ்ட்ரா பாத்ஸ்' என்ற இடத்தில் லைப்ரரிக் கோப்புறையின் பாதையை எழுதிவிடுங்கள் என்பார்கள். எழுதினால் கோடு போய்விடும், உண்மைதான். ஆனால் நிரலை ஓடவிட்டால் அதே பிழை திரும்ப வரும். அந்த அமைப்பு எடிட்டரின் கண்ணுக்கு மட்டும் உரியது. நிரலை ஓட்டும் பைத்தன் அதைப் பார்ப்பதே இல்லை. நிரல் ஒழுங்காக ஓடியும் கோடு மட்டும் நிற்கிறது என்றால்தான் அதற்கு வேலை. மகள் தானே எழுதிய கோப்புகளை வேறொரு கோப்புறையில் வைத்து அழைக்கும்போது அப்படி நேரலாம். கோடும் விழுந்து நிரலும் ஓடாதபோது, லைப்ரரி எங்கே என்று எடிட்டருக்குக் காட்டிப் பயனில்லை. எந்தப் பைத்தன் என்று காட்டுங்கள். மிச்சத்தை அது தானே கண்டுபிடிக்கும்.

இன்னொன்று: பயிற்சிக் கோப்புக்கு 'பாண்டாஸ்' என்றே பெயர் வைத்துச் சேமித்திருக்கிறாளா பாருங்கள். வைத்திருந்தால் பைத்தன் லைப்ரரியை விட்டுவிட்டு அவளுடைய கோப்பையே திறந்து படிக்கும். மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை இது.

இனி 1,500 ரூபாய். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா? இல்லையென்றால் முதலில் போய் அதைக் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. என்ன பதிப்பு, என்ன தொகுப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லாத பதிப்பின் பெயரைத் தாளில் எழுதக் கை தயங்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடக்கூடும். மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. பொருளைப் பற்றியோ சேவையைப் பற்றியோ பொய்யாகச் சொல்லி விற்பதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாமல் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். மூன்று மாதங்களைத் தாண்ட விடாதீர்கள். அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் உட்கார்ந்து இதையெல்லாம் சரிசெய்து தந்து, "என் நேரத்துக்கு இவ்வளவு" என்று வெளிப்படையாகக் கேட்டால் அதில் தவறில்லை. அது உழைப்புக்கான கூலி. இலவசப் பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டுவதுதான் தவறு.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. விண்டோஸில் சி மொழி எழுதத் தொடங்கினேன். முதல் வரியிலேயே 'எஸ்டிடிஐஓ' தலைப்புக் கோப்பின் கீழ் சிவப்புக் கோடு. 'இன்குளூட் பாத்' சரியில்லை என்கிறது எடிட்டர். நண்பர்கள் வேறு எடிட்டர் வாங்கு என்கிறார்கள். வாங்கவா?
— மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: எந்த எடிட்டரை வாங்கினாலும், எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர் இல்லாவிட்டால் உங்கள் நிரல் ஓடாது. விஷுவல் ஸ்டூடியோ கோடுக்கான சி நீட்சியில் (எக்ஸ்டென்ஷனில்) கம்பைலர் கிடையாது. பலர் சறுக்குவது இங்கேதான். அந்தத் தலைப்புக் கோப்பு கம்பைலரோடும் அதன் துணை லைப்ரரிகளோடும் சேர்ந்து வரும் சாமான். கம்பைலரே இல்லாத கணினியில் எடிட்டர் அதை எங்கே போய்த் தேடும்?

எம்எஸ்ஒய்எஸ்2 என்ற இலவசத் தொகுப்பின் வழியாக ஜிசிசி கம்பைலரை நிறுவுங்கள். கைபேசி டேட்டாவில் இறக்காமல் வளாகத்து வைஃபையில் இறக்கினால் செலவு மிச்சம். பிறகு எடிட்டரில் சி நீட்சியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'கம்பைலர் பாத்' என்ற கட்டத்தில் ஜிசிசி இருக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். தலைப்புக் கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை நீட்சி அந்தக் கம்பைலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். 'இன்குளூட் பாத்' கட்டத்தில் கையால் எழுத வேண்டியது, பின்னாளில் நீங்கள் தனியாகச் சேர்க்கும் லைப்ரரிகளுக்கு மட்டும். உபுண்டு பாவிப்பவர்களுக்கு இந்தச் சிரமமும் இல்லை. 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே பொதியில் எல்லாம் வந்துவிடும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவைக்கிறேன். தனியான லைப்ரரி ஒன்றைச் சேர்க்கும் நாளில், சிவப்புக் கோடு போன பின்னும் கம்பைல் செய்யும்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று பிழை வரலாம். தலைப்புக் கோப்பில் இருப்பது அறிவிப்பு மட்டுமே. உண்மையான குறியீடு லைப்ரரிக் கோப்பில் இருக்கிறது. அதை, துண்டுகளை இணைத்து முழு நிரலாக்கும் லிங்கருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எடிட்டரின் அமைப்பை எவ்வளவு கிண்டினாலும் அந்தப் பிழை தீராது.

கேள்வி: ஓய்வுபெற்ற பொறியியலாளர். லினக்ஸில் 'விம்' தவிர வேறு எடிட்டரைத் தொடுவதில்லை. சி நிரலில் தலைப்புக் கோப்பின் பெயர்மேல் நின்று ஜி, எஃப் அடித்தால் கோப்பு திறக்கிறது. பைத்தன் லைப்ரரிகளுக்கு மட்டும் மறுக்கிறது. இதற்குக் காசு கொடுத்து ஏதாவது வாங்க வேண்டுமா?
— வாசகர், கல்கிசை

பதில்: ஒரு சதமும் வேண்டாம். விம்மின் 'பாத்' என்ற அமைப்பைப் பாருங்கள். லினக்ஸில் அது பிறக்கும்போதே நடப்புக் கோப்பின் கோப்புறையையும் 'யூஎஸ்ஆர் இன்குளூட்' கோப்புறையையும் கொண்டிருக்கும். சி உடனே திறப்பது அதனால்தான். பைத்தனின் சைட்-பாக்கேஜஸ் அதில் இல்லை. 'செட் பாத்' கட்டளையில் கூட்டல் குறியும் சமக்குறியும் இட்டு அந்தக் கோப்புறையின் பாதையைச் சேருங்கள். நிலைத்திருக்க வேண்டுமானால் உங்கள் விம் அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள். பெயருக்கு நடுவே உள்ள புள்ளியைச் சாய்கோடாக மாற்றுவதையும் கோப்பின் வால்பெயரைச் சேர்ப்பதையும் விம்மோடு வரும் பைத்தன் துணைக்கோப்பு கவனித்துக்கொள்ளும். 'ஃபைல்டைப் ப்ளகின்' இயங்குநிலையில் இருந்தால் போதும். பாண்டாஸ் போலக் கோப்புறையாக இருக்கும் லைப்ரரியின் பெயர்மேல் அடித்தால் கோப்புறைப் பட்டியல் திறக்கும். அங்கே 'இனிட்' கோப்பின்மேல் என்டரைத் தட்டுங்கள்.