நாலு இன்ச் பலகை நாலு இன்ச் மூடாது

வாசகர் கேள்வி, தச்சர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பலகைக் கணக்கைப் பற்றியவை. ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அடுத்த பலகையின் ஓரத்துப் பள்ளமான காடிக்குள் போய் உட்காருமே, கடையில் டி அண்ட் ஜி என்று கேட்டு வாங்குவோமே, அந்தப் பலகைதான். எத்தனை வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: அண்ணே, தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்து இங்கே சுங்கை சிப்புட்டிலேயே தாமான் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மழை ஒழுகி ஹாலின் ப்ளைவுட் சீலிங் ஊறித் தொங்குகிறது. கூரையைச் சரி செய்தாகிவிட்டது, இனி மரப்பலகை அடிக்கலாம் என்று இருக்கிறோம். ஹால் 14 அடிக்கு 11 அடி, 4 இன்ச் பலகை. கடையில் 42 பலகை போதும் என்கிறார்கள், தச்சர் 55 கேட்கிறார். யாரை நம்புவது?
– சுங்கை சிப்புட் வாசகி

பதில்: தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்களுக்கு வேண்டியது 48, கையிருப்புக்கு 3 சேர்த்து 51. எப்படி என்று சொல்கிறேன், பேப்பர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் 14 அடியை இன்ச் ஆக்கி, அதாவது 168 ஆக்கி, 4-ஆல் வகுத்திருக்கிறார். 42 வந்துவிட்டது. ஆனால் 4 இன்ச் என்பது மில்லில் அறுத்தபோது இருந்த அகலம். இழைத்த பிறகு அது 3¾ இன்ச் ஆகிவிடும், அதிலும் கால் இன்ச் நாக்கு அடுத்த பலகைக்குள் மறைந்துவிடும், ஆக மேலே நிமிர்ந்து பார்த்தால் நம் கண்ணுக்குத் தெரிவது 3½ இன்ச் மட்டும்தான். நான் இதைத் தெரியும் அகலம் என்பேன். கணக்கு எல்லாமே இதில்தான் போட வேண்டும். 168-ஐ 3½-ஆல் வகுத்தால் 48. கடைக்காரர் சொன்ன 42 பலகையை அடித்து முடித்தால் சுவர் ஓரத்தில் 1 அடி 9 இன்ச் வெறுமனே நிற்கும்.

இது எனக்கு நடந்தது. அம்மா தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய வீட்டில், நான் தொழிலுக்கு வந்த புதிதில், கடையில் சொன்ன எண்ணிக்கையை அப்படியே வாங்கி வந்து அடித்தேன். கடைசி ஒன்றே முக்கால் அடிக்குப் பலகை இல்லை. திரும்பப் போனால் அந்த லாட் விற்றுத் தீர்ந்துவிட்டது, மூன்று வாரம் கழித்து வந்த பலகை வேறு மரம் போலச் சிவந்து இருந்தது. வார்னிஷ் பூசியும் அந்தக் கோடு போகவே இல்லை. அம்மா ஒரு நாளும் அதைப் பற்றிச் சொன்னதில்லை, ஆனால் அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, தச்சரின் 55 எங்கிருந்து வந்தது? 48-க்கு மேல் 15 சதவீதம் சேதாரம் போட்டிருக்கிறார். சேதாரம் சேர்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். உங்கள் பலகை 11 அடி ஓட வேண்டும், வாங்கப்போவது 12 அடிப் பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு அடி ஏற்கெனவே வெட்டுப்படப் போகிறது. முனை வெடித்திருந்தால், ஓரத்தில் முடிச்சு இருந்தால் அந்த ஒரு அடிக்குள்ளேயே அது போய்விடும். நடுவில் உடைந்தது, வளைந்தது, நாக்கு நசுங்கியது, இவற்றுக்கு மட்டும் 3 பலகை கூட இருந்தால் போதும். குறுக்கே 45 டிகிரியில் சாய்த்து அடிப்பதாக இருந்தால்தான் 15 சதவீதம்.

இன்னொன்று, வாங்கும் முன் மேலே ஏறி, பலகையை ஆணி அடிக்கும் மரச்சட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பலகை எப்போதும் சட்டத்துக்குக் குறுக்கேதான் ஓட வேண்டும். சட்டம் 11 அடிப் பக்கமாக ஓடினால் பலகை 14 அடி நீளத்துக்கு ஓடும், அப்போது 132 இன்ச்சை 3½-ஆல் வகுத்து 38 பலகை. 14 அடிப் பலகை சரியாக இருக்குமே என்று தோன்றும், ஆனால் சுவர் ஒரு இடத்தில் 14 அடியும் இன்னொரு இடத்தில் 14 அடி 1 இன்ச்சும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். சுவர் ஓரத்தில் அடிக்கும் பீடிங் பட்டை அரை இன்ச்சை மறைக்கும், அதற்கு மேல் மறைக்காது. மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. நான் சொன்ன 3½ உங்கள் கடைப் பலகைக்குப் பொருந்தாமல் போகலாம், ஒவ்வொரு மில்லின் கத்தியும் ஒரு மாதிரி. கடையில் 10 பலகையை எடுத்துத் தரையில் போட்டு, நாக்கைக் காடிக்குள் தட்டி இறுக்கி, கடைசி நாக்கை விட்டுவிட்டு முழு அகலத்தையும் அளந்து 10-ஆல் வகுத்துவிடுங்கள். 35 இன்ச் வந்தால் 3½. மில்லிமீட்டர் டேப் என்றால் 889 வரும். ஒரு பலகையை மட்டும் அளந்தால் அரை மில்லிமீட்டர் தப்பு கண்ணுக்குத் தெரியாது, 48 பலகையில் அது 24 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு இன்ச்.

கேள்வி: படுக்கையறையில் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும், 4 அடி உயரத்துக்கு, பலகையை நிற்க வைத்து அடிக்க ஆசை. அறை 12 அடிக்கு 10 அடி. கதவு 3 அடி. ஜன்னல் 4 அடி அகலம், தரையிலிருந்து 3 அடியில் தொடங்குகிறது. 10 அடிப் பலகை கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
– பீடோர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. சுற்றளவு 44 அடி, கதவைக் கழித்தால் 41. இன்ச் ஆக்கினால் 492, அதை 3½-ஆல் வகுத்தால் 140-க்குக் கொஞ்சம் மேலே, 141 துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 4 அடி.

10 அடிப் பலகையில் 4 அடித் துண்டு இரண்டுதான் வரும், மீதி 2 அடி விறகுதான். அப்படி 71 பலகை வேண்டும், மொத்தம் 710 அடி. 12 அடிப் பலகையில் மூன்று துண்டு, 47 பலகை போதும், 564 அடி. 146 அடி வித்தியாசம்! அடிக்கு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இதை ஈடுகட்டுவது கஷ்டம். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லிமீட்டர் தின்னும், ஆகவே மூன்றும் முழு 4 அடி வராது, ஒரு நூல் குறையும், கீழே சுவரடியில் ஸ்கர்ட்டிங் பட்டை அடிக்கும்போது அது மறைந்துவிடும்.

ஜன்னலைக் கழிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கழிக்க வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே 3 அடித் துண்டு போகும், மிஞ்சும் ஒரு அடித் துண்டு வேறு எங்கும் உதவாது. சதுர அடிக் கணக்கில் அது லாபம் மாதிரி தெரியும், பலகைக் கணக்கில் மிஞ்சிப்போனால் ஒரு பலகைதான் லாபம். பலகையைத் துண்டு துண்டாக எண்ணுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 47-உடன் மூன்று சேர்த்து 50 வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, எங்களுடையது கம்பத்துப் பலகை வீடு. முன்பக்கக் கூரை முக்கோணம் உளுத்துவிட்டது. அடி அகலம் 20 அடி, நடு உயரம் 5 அடி. முக்கோணம் என்றால் சேதாரம் அதிகம், சதுரம் என்று நினைத்தே வாங்கு என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார்.
– கோலகெட்டில் வாசகர்

பதில்: மாமா சொல்படி வாங்கினால் 12 அடிப் பலகை 29 வரும். 20 போதும்.

பலகையை நிற்க வைத்து அடித்தால் 240 இன்ச்சுக்கு 69 துண்டு. ஓரத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கி நடுவில் 5 அடி, ஆகச் சராசரி இரண்டரை அடி, மொத்தம் சுமார் 173 அடி. இனி சாய்வு வெட்டு. உங்கள் கூரை 10 அடிக்கு 5 அடி ஏறுகிறது, அப்படியென்றால் 3½ இன்ச் அகலமுள்ள பலகையில் சாய்வு 1¾ இன்ச்தான். சாதாரணப் பலகையாக இருந்தால் வெட்டிய மீதியைத் தலைகீழாகத் திருப்பி அதே சாய்வை இன்னொரு துண்டுக்குப் பயன்படுத்தலாம். நாக்கு-காடிப் பலகையில் அது முடியாது, திருப்பினால் நாக்கு எதிர்ப்பக்கம் போய்விடும், புரட்டினால் முகம் உள்ளே போய்விடும். மீதித் துண்டின் முனையை மறுபடி வெட்டித்தான் ஆக வேண்டும். அதுதான் சேதாரம், ஆனால் அது துண்டுக்கு 1¾ இன்ச், 69-க்கும் சேர்த்து 10 அடி. இதற்கு மேல் ஒன்றுமில்லை.

வெட்டும்போது நீளமான துண்டையும் குட்டையான துண்டையும் ஜோடி சேர்த்து வெட்டுங்கள், ஒரு ஜோடி 5 அடியும் கொஞ்சமும் வரும், ஒரு 12 அடிப் பலகையில் இரண்டு ஜோடி. அப்படி 18 பலகை, கையிருப்புக்கு 2. வெளிப்பக்கம் என்பதால் இன்னொரு விஷயம், எப்போதாவது பலகையைப் படுக்க வைத்து அடித்தால் நாக்கு மேலே, காடி கீழே இருக்க வேண்டும். காடி மேலே பார்த்தால் ஒவ்வொரு பலகையும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாய்க்கால் ஆகிவிடும். உங்கள் பழைய பலகை அப்படித்தான் அடித்திருக்கிறதா என்று பாருங்கள், உளுத்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

கேள்வி: மில்லில் டன் கணக்கில் விலை சொல்கிறார்கள். மரத்தைத் தராசில் நிறுத்தா விற்பார்கள்?
– தாப்பா வாசகி

பதில்: இல்லையம்மா, அது எடை டன் இல்லை. நம் மலேசிய மர வியாபாரத்தில் ஒரு டன் என்றால் 50 கன அடி. ஒரு இன்ச் கனம், 4 இன்ச் அகலப் பலகை 36 அடி நீளம் சேர்ந்தால் ஒரு கன அடி, ஆகவே ஒரு டன்னில் 1,800 அடி. 6 இன்ச் பலகை என்றால் 1,200 அடி. டன் விலையை அந்த எண்ணால் வகுத்தால் அடி விலை வந்துவிடும், அதைக் கடையில் அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்த 4 இன்ச்சும் 1 இன்ச்சும் அறுத்த அளவுதானா, இழைப்புக் கூலி உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ரப்பர் மரப் பலகை நல்லதா? அப்பா பால் மரம் வெட்டியவர், அந்த மரத்திலேயே வீட்டுக்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை.
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. நம் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகள் ஒன்பது. அப்புறம் நம் தாத்தா பாட்டி வந்ததும், நாம் இங்கே இருப்பதும் அந்த மரத்தால்தான். 25, 30 வயதில் பால் கொடுத்து முடித்த மரத்தை முன்பு விறகுக்குத்தான் வெட்டினார்கள். இப்போது அது நல்ல நாற்காலி மேசை மரம்.

வீட்டுக்குள் தாராளமாகப் போடலாம். ஆனால் போரான் மருந்து ஏற்றிக் காய வைத்த பலகையாகக் கேட்டு வாங்குங்கள், மருந்து ஏறாத ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். வெளிச்சுவருக்கும் குளியலறைக்கும் வேண்டவே வேண்டாம். சின்னத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி ஒட்டித்தான் நீளப் பலகை ஆக்கியிருப்பார்கள், அது குறை இல்லை, கணக்குக்கு நல்லதுகூட, முடிச்சு வெட்டி எறிய வேண்டியது குறைவு.

கேள்வி: பலகை லோரியில் வந்து இறங்கிய அன்றே அடிக்கலாமா?
– லூனாஸ் வாசகர்

பதில்: வேண்டாம். ஈரப் பலகை அடித்த பிறகு சுருங்கும், ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி விழும். அடிக்கப்போகும் அறைக்குள்ளேயே, தரையில் படாமல், இரண்டு பலகைக்கு நடுவே சின்னக் குச்சி வைத்து அடுக்கி ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். ஆனால் இறக்கிய அன்றே, லோரி நிற்கும்போதே, ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நாக்கு உடைந்ததைத் தனியாக வையுங்கள், அதே லாட்டில் மாற்றிக் கேளுங்கள். லோரி போன பிறகு கேட்டால் அடுத்த லாட்தான் வரும்.